ஜென்னுக்குள் பலேனோ

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஆலைகள் கார்களைச் சுடச்சுட இறக்கிக்கொண்டிருக்க, நம்ம தம்பி புதுப்பேட்டையில் பழைய இரும்பைக் கிளறுகிறார். இதுவல்லவா ரசனை! அவருடைய ஜென் காருக்குள் எதை ஏற்றுவது? எஸ்டீமின் 1,298 சிசி பிளாக்கா, அந்தக் காலத்துப் பலேனோவின் 1,590 சிசி பிளாக்கா?

பெண் பார்க்கப் போனபோதுகூட அவர் இவ்வளவு விசாரித்ததில்லை. பிளாக்கின் மேல்முகத்தில் நேர்கோலை வைத்து, அடியில் ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்தார். சிலிண்டர் சுவரில் நகத்தை ஓட்டினார். போர் கேஜை நெடுக்கிலும் குறுக்கிலும் விட்டு, உதட்டைப் பிதுக்கினார்.

"பெரிசையே எடுங்க தம்பி, இழுவை பிச்சுக்கும்" என்றார் லேத்துக்காரர். கூலியில் ஆசையே இல்லாத மனிதர்.

பெரிசுதான் சரி. ஒரகடம் பக்கம் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் அசையாமல் நிற்க 1,298 எப்படிப் போதும்? நிற்பதிலும் ஒரு கம்பீரம் வேண்டாமா? ஷிஃப்ட் பஸ்களுக்கும் டர்போ மாட்டிவிட்டால் மொத்தத் தொழிலாளர்களும் இன்னும் வேகமாக நிற்கலாம்.

ஓட்டிப் பார்க்க இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தடம் இருக்கிறதுதான். ஆனால் அங்கே ஹெல்மெட் கேட்பார்கள், முடி கலைந்துவிடும். இன்ஜின் மாற்றிய காரைச் சாலையில் விட்டாலோ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சும்மா விடாது.

ஆகவே ஜென் உறை போர்த்திக்கொண்டு வீட்டில் ஓய்வெடுக்கிறது. தம்பி கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறார். இன்ஜின் அசெம்பிளிப் பிரிவுதான். அங்கே பிளாக்கைப் பரிசோதிப்பது இயந்திரம். பச்சை விளக்கு எரிகிறதா என்று இவர் பார்த்தால் போதும்.