இழைப்புளி சார்

அவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வீட்டுக்கு வந்தால் உடனே உட்காரமாட்டார். நாற்காலியின் முதுகைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டுவார். மேசைக்கு அடியில் கையை விட்டுத் தடவுவார். "பிளைவுட்டா?" என்பார், துக்கம் விசாரிக்கும் குரலில். காதில் பென்சில், கட்டை விரலில் பிளாஸ்திரி, லுங்கி மடிப்பில் மரத்தூள். பணி ஓய்வு பெற்றதும் காசிக்குப் போய் வரலாம் என்று மனைவி சேர்த்து வைத்த பணம், மின்சார ரம்பமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. மசினகுடியில் இருப்பவருக்குக் கூடுதலாக ஒரு சோதனை. எங்கே திரும்பினாலும் மரம். எதையும் தொடக் கூடாது. சுற்றிலும் முதுமலைப் புலிகள் காப்பகம். தேக்குக் கிளை தானாக ஒடிந்து விழுந்து கிடந்தாலும், அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தால் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் கூடவே வரும். தெப்பக்காடு முகாம் யானைகளுக்கு ஒரு காலத்தில் மரம் இழுப்பதுதான் உத்தியோகம். யானையே கைவிட்ட தொழிலை நம்மவர் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அவர் நம்பியிருப்பது இரண்டை. ஒன்று, தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக். ஆஸ்திரேலிய மரம், இழைத்தால் புள்ளி புள்ளியாக மினுங்கும். ரசீதோடு வாங்கி, அந்த ரசீதைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். செக்போஸ்ட்டில் கேட்காவிட்டாலும் எடுத்துக் காட்டுவார். இன்னொன்று, ரிசார்ட்டுகளுக்குச் சரக்கு வந்திறங்கும்போது அடியில் வரும் பேலட் பலகை. வெளிநாட்டுப் பேலட்டில் முத்திரை இருக்கும். எச்.டி. என்றால் சூடேற்றிப் பூச்சியைக் கொன்றது; எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற விஷ வாயுவால் கொன்றது. "எம்.பி.யை மட்டும் வீட்டுக்குள்ளேயே விடக் கூடாதுங்க, குடும்பத்துக்கே கேடு" என்று அவர் டீக்கடையில் உரக்கப் பாடம் நடத்த, பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு கட்சிக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார்.

செய்து வீட்டோடு வைத்துக்கொண்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை. கொடுக்கிறார், அதுதான் விஷயம். புதுமனை புகுந்தால் சாவி மாட்டும் பலகை. காதுகுத்துக்கு நடைவண்டி. கல்யாணத்துக்கு முக்காலி. மற்றவர்கள் மொய் எழுதிவிட்டுப் பந்திக்கு நகர, இவர் மேடையேறி, சுற்றியிருக்கும் செய்தித்தாளைப் பிரித்து, "ஒரு ஆணிகூடக் கிடையாது தம்பி, எல்லாம் இணைப்பு" என்று மாப்பிள்ளைக்கு விளக்கி முடிப்பதற்குள் போட்டோகிராபர் பேட்டரி மாற்றிக்கொண்டுவிடுவார். மொய்யை நோட்டில் குறித்து வைத்துத் திருப்பிச் செய்துவிடலாம். முக்காலியை எப்படித் திருப்பிச் செய்வது?

ஒளித்து வைக்கவும் வழியில்லை. எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்பார். அதனால் தெருமுனையில் அவர் தலை தெரிந்ததும், பல வீடுகளில் பரணிலிருந்து என்னவோ இறங்கும் சத்தம் கேட்கும்.

முக்காலிக்கு அவர் வந்து சேர்ந்ததிலும் ஒரு கணக்கு உண்டு. மூன்று கால் எந்த மேடுபள்ளத்திலும் ஆடாமல் நிற்கும். நாலாவது கால் முளைத்தால்தான் தகராறு. இந்த ஞானம் வருவதற்கு முன் செய்த நாலுகால் ஸ்டூலின் கால்களைச் சமப்படுத்தச் சமப்படுத்த, அது இப்போது பூஜையறையில் மணையாக இருக்கிறது.

படைப்புகளில் பெயர்போனது சம்பந்தி வீட்டு அஞ்சறைப்பெட்டி. மசினகுடி மழை மறைவுப் பகுதி, காற்று காய்ந்திருக்கும். சம்பந்தி இருப்பது கூடலூர். தென்மேற்குப் பருவமழையை நேராக மார்பில் வாங்கும் ஊர். பங்குனி வெயிலில், முடி நுழைய இடமில்லாமல் ஒரு சறுக்கு மூடி பொருத்தி அனுப்பினார். மரம் ஈரம் குடித்தால் நீளவாக்கில் வளராது, அகலவாக்கில்தான் உப்பும். ஆனி மழையில் மூடி இறுகியது. கடுகும் சீரகமும் உள்ளே, சம்பந்தியம்மா வெளியே.

"பெட்டி ரொம்ப அழகா இருக்குங்க. பூட்டு மட்டும் எப்படித் திறக்கிறதுன்னு தெரியலீங்க."

"அது பூட்டு இல்லீங்க, ஃபிட்டிங்கு."

தை பிறந்தது, வழி பிறந்தது, மூடியும் திறந்தது. அதுவரை அந்த வீட்டில் தாளிப்பு பிளாஸ்டிக் டப்பாவிலிருந்துதான்.

அடுத்து உண்ணிச்செடி. அலங்காரத்துக்கென்று 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவந்து, இன்று காட்டையே வளைத்துப் போட்டிருக்கும் களை. கூடலூர்ப் பக்கத்தில் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் கைவினைஞர்கள் அதன் குச்சியைக் கொதிக்க வைத்து, தோலுரித்து, இரும்புச் சட்டத்தின்மேல் வளைத்து ஆளுயரத்தைத் தாண்டும் யானைகள் செய்தார்கள். அந்த யானைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024-ல் அமெரிக்காவுக்கும் போயின. அது போதாதா நம்மவருக்கு? "யானையே லண்டன் போயிருக்கு, என் சோபா ஊட்டிக்காவது போகாதா?" என்று மனைவியின் வெந்நீர் அண்டாவில் குச்சியை வேகவைத்தார். சோபா பிறந்தது. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். எழுந்திருக்கத்தான் ஒவ்வொருவருக்கும் இரண்டு பேர் துணை வேண்டும். ஊட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகள் இன்னும் அதற்காகக் காத்திருக்கின்றன.

அவரைப் பற்றி ஊரில் ஒரு குறையும் சொல்லாத மனிதர் ஆசாரி. இத்தனைக்கும் அவரிடம்தான் சார் உளி தீட்டக் கற்றுக்கொண்டார். "பச்சை மரத்தைத் தொடாதீங்க சார், ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் காயணும்" என்று அவர் சொன்னதை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. ஆசாரிக்கு வருத்தமில்லை. சார் பரிசு கொடுத்த மறுவாரமே அந்த வீட்டிலிருந்து அவருக்குப் போன் வரும். பொழுது சாய்ந்ததும் போய், காலை மாற்றி, மூடியில் அரை நூல் இழைத்துவிட்டு வருவார். வேறு கை பட்டது தெரியாமல், சார் போட்ட வார்னிஷ் வழிசல் உட்பட அப்படியே செய்து தர வேண்டும். அந்த வழிசலுக்குத் தனிக் கூலி. பிறகு சார் வந்து பார்ப்பார். "என் வேலையெல்லாம் நாளாக நாளாகத்தாங்க இறுகும்" என்று பெருமைப்பட்டுக்கொண்டு, புது உற்சாகத்தோடு அடுத்த பலகையை எடுப்பார். இரண்டு குடும்பமும் இப்படித்தான் நன்றாக இருக்கிறது.

போன வைகாசியில் ஆசாரி மகளுக்குக் கல்யாணம். முதல் பத்திரிகை சாருக்குத்தான். தாம்பாளத்தில் பழம், வெற்றிலை பாக்கோடு வந்து நின்று, ரொம்பப் பணிவாகச் சொன்னார்:

"குடும்பத்தோட வந்து வாழ்த்தணும் சார். ஆனா உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்... நீங்க மட்டும் மொய்யாவே வெச்சிடுங்க."