ஃபெராரி பில்டர் மாற்றியல்: கருவடிக்குப்பம் நோக்கில் ஓர் ஆய்வு

எந்த நூலுக்கும் முதலில் பாயிரம் கேட்பது நம் மரபு. கொடுத்துவிடுவோம். நுதலிய பொருள்: ஃபெராரி 355 என்னும் பந்தயக் குலத்து வண்டியின் பெட்ரோல் பில்டர்கள் இரண்டையும் வீட்டு வாசலிலேயே கழற்றி மாட்டுதல். எல்லை: புதுச்சேரியில் கிழக்கே முத்தியால்பேட்டை, மேற்கே லாஸ்பேட்டை, நடுவே கருவடிக்குப்பம். யாப்பு: பதின்மூன்றாம் நம்பர் முதலாகிய ஸ்பேனர்கள். கேட்போர்: டார்ச் பிடிக்கும் பையன், எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து யோசனை சொல்பவர், "இன்னும் முடியலையா?" என்று உள்ளேயிருந்து கேட்பவர். பயன்: மெக்கானிக் கூலி மிச்சம். அது மிச்சமாகுமா என்பது பின்னர் ஆராயப்படும்.

கருவடிக்குப்பத்தில் ஃபெராரி 355 ஏது, இல்லாத வண்டிக்கு பில்டர் மாற்றுவது முயற்கொம்புக்குப் பூண் கட்டுவதாகாதா என்று தருக்க நூலார் கேட்பர். நியாயமான கேள்வி. இத்தாலியில் மரனெல்லோ என்னும் ஊரில் 1994 முதல் 1999 வரை செய்யப்பட்ட வண்டி அது. மூன்றரை லிட்டர் எஞ்சின், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, அதனால் 355. எட்டு சிலிண்டருக்கும் சேர்த்து நாற்பது வால்வு. பழைய காரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதென்றால் அதற்கு மூன்று வயது தாண்டியிருக்கக் கூடாது என்பது நம் இறக்குமதி விதி. ஐம்பது வயது கடந்த பழம்பெரும் வண்டிகளுக்கு 2025இல் கதவைத் திறந்துவிட்டார்கள். ஆகக் கைக்குழந்தை வரலாம், கிழவர் வரலாம், நடுவயதுக்காரருக்கு மட்டும் அனுமதி இல்லை. 355இன் தலைப்பிள்ளைகளுக்கே 2044இல்தான் ஐம்பது நிறையும்.

ஆயினும் மறுப்பாளருக்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, இத்தாலியச் சரக்கு புதுச்சேரிக்குப் புதிதன்று. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டைத் தோண்டியபோது இத்தாலிய நாட்டு அரிட்டைன் மட்பாண்டச் சில்லுகளும், மது ஏற்றி வந்த ஆம்போரா சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னரே திரவப் பொருள் தாங்கிய இத்தாலியக் கலம் இந்தக் கரையில் இறங்கியிருக்கிறது. அந்தச் சாடிக்கு வயது என்ன, ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று துறைமுகத்தில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மற்றொன்று, இங்கே குடியிருக்காத வண்டிகள் இங்கே குடியிருந்த வரலாறு. கேரளத்துச் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்த சொகுசு வண்டிகள் பல, வரி குறைவு என்பதற்காகப் புதுச்சேரி முகவரியில் பி.ஒய். எண் வாங்கியிருந்த விவகாரம் 2017இல் வெடித்தது. திரைத்துறைப் பிரமுகர்கள் சிலரின் பெயரும் அதில் அடிபட்டது. காகிதத்தில் மட்டும் வாசம் செய்யும் வண்டி என்பது ஆக இந்த ஊருக்குப் பழகிய தத்துவம். பில்டரின் தகர உறைக்குள் இருப்பதும் மடித்து வைத்த காகிதம்தான். காகித வண்டிக்குக் காகித வடிகட்டி பொருந்தும் என்று நிறுவி மேலே செல்கிறோம்.

இனித் திணை ஆய்வு. கடற்காற்று எட்டும் இடம் ஆதலால் இது நெய்தல். நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம். இலக்கணம் வகுத்தவர்களுக்கு எஞ்சின் சூடு பற்றி எப்படித் தெரிந்ததோ! காலையில் ஓட்டிய வண்டி சாயங்காலத்துக்குள் நன்றாக ஆறிவிடும். சுடும் சைலன்சருக்குப் பக்கத்தில் பெட்ரோல் குழாயைத் திறக்கும் பாவம் நேராது. கருப்பொருள் உப்புக்காற்றும் அது பிறப்பிக்கும் துருவும். துருப்பிடித்த போல்ட்டை எடுத்த எடுப்பில் முறுக்கினால் தலை மழுங்கும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். உரிப்பொருள் இரங்கல். இதற்கு உரை தேவையில்லை. மரை கழன்ற போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தாலே விளங்கும்.

இடத்தேர்விலும் ஒரு கருத்து வேற்றுமை உண்டு. புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதிக்குக் குயில் பாட்டைத் தந்த குயில்தோப்பு இவ்வூர்ப் பக்கத்தது. மாமர நிழலில் வண்டியை நிறுத்தி வேலை பார்ப்பது காவியச் சுவையுடையது என்பர் ஒரு சாரார். எமக்கு உடன்பாடில்லை. பூவும் பிஞ்சும் தூசியும் திறந்த குழாய்க்குள் விழும். பெட்ரோலிலிருந்து அழுக்கைப் பிரிக்கக் கழற்றிய இடத்தில் மாம்பூவைச் சேர்ப்பது ஆய்வு நெறி ஆகாது. திறந்தவெளியில், காற்றோட்டமான சிமெண்டுத் தரையில் செய்க. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்த் தொலையாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளத்தில் தேங்கி, பக்கத்து வீட்டு அடுப்பைத் தேடிப் போகும். ஆதலால் மூடிய ஷெட்டும், ஒயர் இழுத்துக் கட்டிய குண்டு பல்பும், திண்ணைக்காரரின் பீடியும் விலக்கு. பேட்டரியின் நெகட்டிவ் ஒயர் கழற்றியே இருக்க வேண்டும். உலர்மாவு தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். வாளித் தண்ணீர் உதவாது. எரியும் பெட்ரோல் அதன்மேல் மிதந்துகொண்டே பரவும்.

இப்போது வினை. பழைய மொபெட்டில் பெட்ரோல் தன் எடையால் தானே இறங்கும். பில்டரை உருவினால் சொட்டும், அவ்வளவே. இஞ்செக்‌ஷன் வண்டியில் பம்ப் அதை மூன்று பார் அல்லது அதற்கு மேற்பட்ட அழுத்தத்தில் தள்ளுகிறது. ஸ்கூட்டர் டயருக்கு முப்பது பவுண்டு காற்று அடிக்கிறோமே, அது ஏறத்தாழ இரண்டு பார்தான். அழுத்தத்தை இறக்காமல் போல்ட்டைத் திறப்பவர் கண்ணிலேயே பெட்ரோல் அபிஷேகம் காண்பார். முறை இது: பேட்டரியில் கை வைப்பதற்கு முன், பம்ப்பின் ரிலேயை உருவிவிட்டு எஞ்சினை ஓட விட வேண்டும். குழாயில் மிஞ்சியதைக் குடித்துத் தீர்த்துவிட்டு அதுவே நிற்கும். பிறகு டேங்க் மூடியைத் திறந்து மூடுக. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவருக்கு இந்நூல் பொறுப்பன்று. ஸ்டாண்டு வைத்தவர் மட்டுமே இந்த நூலுக்கு மாணாக்கர்.

பில்டரின் முனையைத் திறக்க ஸ்பேனர் ஒன்று போதும் என்று திண்ணைக்காரர் சொல்வார். அவர் சொல்வதில் இது மிகத் தவறானது. இரண்டு வேண்டும்: ஒன்று பில்டரின் உடலை அசையாமல் பிடிக்க, மற்றொன்று போல்ட்டைத் திருப்ப. ஒற்றை ஸ்பேனரால் முறுக்கினால் போல்ட்டோடு சேர்ந்து குழாயும் முறுக்கிக்கொள்ளும். பில்டர் என்பது எங்கும் கிடைக்கும் சாமான். அந்த வண்டியின் இரும்புக் குழாயை மரனெல்லோவிலிருந்து வரவழைக்க வேண்டும். குழாய் முனையின் வளையத்துக்குள் நுழையும் பாஞ்சோ போல்ட் உள்ள இடத்தில், அந்த வளையத்துக்கு மேலொன்று கீழொன்று என வாஷர் உண்டு. நசுங்கிப் பொருந்துவதற்கென்றே செய்த வாஷர் அது. ஒருமுறை நசுங்கினால் அதன் ஆயுள் முடிந்தது. பழையதைத் துடைத்து மறுபடி போடுகிறவனே வடிகட்டின கஞ்சன். இந்த ஆய்வில் கண்ட எல்லாப் பிழைகளிலும் மலிவானதும் கொடியதும் அதுவே: மிச்சம் சில ரூபாய், கசிவு சூடான எஞ்சின் மேல்.

புதிய பில்டரின் மேல் ஓர் அம்புக்குறி பொறிக்கப்பட்டிருக்கும். இதைக் கல்வெட்டுக்குரிய மரியாதையோடு வாசிக்க வேண்டும். அம்பின் தலை எஞ்சினை நோக்க வேண்டும். டேங்கை நோக்கும் என்போரும் உளர். அவர் கருத்து வண்டி பாதி வழியில் நிற்கும்போது மறுக்கப்படும். இரண்டு பில்டரையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்பதில் மட்டும் எல்லா ஆசிரியரும் ஒருமித்த கருத்தினர். மாட்டி முடித்ததும் ஸ்டார்ட் செய்துவிடாமல், பேட்டரியையும் ரிலேயையும் சேர்த்து, சாவியை இரண்டு மூன்று முறை போட்டு நிறுத்துக. அழுத்தம் ஏறும்போது ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பார்க்க வேண்டும். ஈரம் பட்டால் மறுபடி படுக்க வேண்டியதுதான்.

கழற்றிய பில்டரை எறிவது வரலாற்றுத் துரோகம். பெட்ரோல் நுழையும் வாயைக் கவிழ்த்து வெள்ளைத் துணியில் வடித்தால் டேங்கின் சரித்திரம் அடுக்கடுக்காக விழும். செம்பழுப்புத் தூள் என்றால் டேங்கில் துரு. கருந்துகள் என்றால் ரப்பர் குழாய் உள்ளுக்குள் உதிர்கிறது. இரண்டாவது வகைக்கு அண்மைக் காலத்தில் ஒரு புதுக் காரணம் சேர்ந்திருக்கிறது. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. பழைய டேங்கின் அடியில் ஒட்டிக்கிடந்த கசடையும் அது கிளப்பிவிடும். எத்தனாலை எதிர்பார்க்காத காலத்து ரப்பர் அதில் ஊறினால் உப்பும், பிறகு வெடிக்கும். கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் எல்லை தாண்டி வந்து விலை குறைவு என்று டேங்கை நிரப்பிக்கொண்டு போகிறவர்கள் லிட்டருக்கு மிச்சமானதைக் கணக்குப் பார்ப்பதுபோல் ரப்பர் குழாயையும் ஒருமுறை பார்க்கலாம்.

கூலி மிச்சமா என்ற பாயிர வினாவுக்கு வருவோம். முறையான ஸ்பேனர் செட், ஸ்டாண்டு நான்கு, தீயணைப்பான், வாஷர் எல்லாம் வாங்கிக் கூட்டினால் முதல் முறை நட்டம், இரண்டாம் முறை சமன், மூன்றாம் முறைதான் இலாபம். நெடுநாளைக்கு ஒருமுறை செய்யும் வேலைக்கு மூன்றாம் முறை எப்போது வரும் என்பதை உரிமையாளரின் சந்ததி அறியும்.

2044க்கு இன்னும் நாளிருக்கிறது. அதுவரை வாசகர்கள் தம் வாசலில் நிற்கும் ஸ்கூட்டரையோ பழைய மாருதியையோ பார்க்கவும். பெட்ரோல் குழாயை லேசாக வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் குழாயையும் கிளிப்பையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். காலையில் வண்டி பக்கம் பெட்ரோல் வாடை அடித்தால் சாவியைப் போடாமல் தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.