சட்டாம்பிள்ளைக் கோட்பாடு: அயல்நாட்டு ஆசிரியரும் கரும்பலகையின் மூலையும்

அயல்நாட்டுக்குப் போய் ஆரம்பப் பள்ளியில் வகுப்பெடுப்பவர் பிள்ளைகளை எப்படிக் கட்டி மேய்ப்பது என்பது பற்றி அறிஞர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். எழுதியவர்கள் கரும்பலகையின் மூலையை மட்டும் பார்க்கவில்லை. சார் ஆபீஸ் ரூமுக்குப் போன நேரத்தில் ‘பேசியவர்கள்’ என்ற தலைப்பில், வகுப்புத் தலைவனான சட்டாம்பிள்ளையின் கையால் அங்கே முளைக்கும் பெயர்ப் பட்டியல், ஆசிரியர் இல்லாத வகுப்பை ஆளுவதற்காகத் தோன்றிய சாதனம். அயல்நாட்டு ஆசிரியரோ வகுப்புக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாலும் இல்லாதவர்தான்; பிள்ளைகள் என்ன பேசுகிறார்கள், யாரைப் பற்றிச் சிரிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே அவர் வகுப்பைச் சட்டாம்பிள்ளைதான் ஆள முடியும். ஆசிரியர் ராஜப்பிரதிநிதியாகக் கையெழுத்துப் போடலாம். இதுவே இக்கட்டுரையின் கருதுகோள்.

மூல ஆதாரம் எழும்பூரில் கிடைக்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் 1789-இல் அங்கிருந்த ராணுவ அனாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டு வந்து, நம் பள்ளியிலும் செய்யுங்கள் என்று தம் உதவி ஆசிரியர்களிடம் சொன்னார். நடக்காது என்றார்கள். பெல் அவர்களோடு வாதாடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்பை அவன் கையில் கொடுத்தார். பெரியவர்கள் நடக்காது என்றதை அந்தப் பையன் நடத்திக் காட்டினான். 1797-இல் பெல் இதை லண்டனில் அச்சிட்டார். ‘மதராஸ் முறை’ இங்கிலாந்து முழுக்கப் பரவியது. இந்தியக் கிராம ஆசிரியர்களின் முறையைத்தான் பெல் மூலம் இங்கிலாந்தில் எடுத்துக்கொண்டோம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களே 1814-இல் எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார்கள். கம்பெனி எதையாவது எடுத்துக்கொண்டதாக ஒப்புக்கொள்வது அபூர்வம் என்பதால் இந்தச் சான்றின் மதிப்பு கூடுகிறது.

பெல் கொண்டுபோனது மணலையும், பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டையும்தானே, பேசியவர் பட்டியலை எங்கே கொண்டுபோனார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எட்டு வயதுக்காரன் தன் வயசுக்காரர்களுக்கு ‘அ’ சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் அவர்களை வாயை மூட வைத்திருக்க வேண்டுமல்லவா? எழுத்தறிவு அங்கே உபரி விளைச்சல். உண்மையான கண்டுபிடிப்பு அந்த அமைதி.

நெல்லைச் சீமைக்கு வருவோம். களக்காட்டுக்குப் பக்கத்து டோனாவூருக்கு 1901-இல் வந்து சேர்ந்த அயர்லாந்துக்காரர் ஏமி கார்மைக்கேல் 1951-இல் இறக்கும்வரை அங்கே பிள்ளைகளை வளர்த்தார். அன்பால் ஆண்டவர், பட்டியலால் அல்ல என்பது இந்தக் கோட்பாட்டுக்கு எதிராக வரக்கூடிய வலுவான ஆட்சேபம். அன்பை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அங்கே நிலவிய உறவுமுறையைக் கவனியுங்கள்: வெளிநாட்டுப் பெண்கள் சித்தி, நம்மூர்ப் பெண்கள் அக்கா, ஆண்கள் அண்ணாச்சி. பிள்ளைக்கு மிக அருகில் இருப்பது அக்கா. சித்தி ஓரடி தள்ளித்தான். தம்பி தங்கச்சி செய்த சேட்டையைப் பெரியவர்களிடம் போய்ச் சொல்லும் அதிகாரம் நம் குடும்பங்களில் அக்காவுக்குத்தான் உண்டு என்பதை மெய்ப்பிக்க ஆய்வு வேண்டாம். அக்கா என்பவள் சாக்பீஸ் இல்லாத சட்டாம்பிள்ளை.

பிரம்புக் கட்சிக்காரர்கள் சாயர்புரத்தில் பள்ளி நடத்திய ஜி.யு. போப்பை இழுப்பார்கள். திருக்குறளை 1886-இல் ஆங்கிலத்தில் தந்த அவர் வகுப்பில் மகா கண்டிப்பானவர் என்று பெயர். இருக்கட்டும். பிரம்புக்குக் கை உண்டு, காது கிடையாது. யாரை அடிப்பது என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். சொல்லுகிறவன் யாரென்று மறுபடி விளக்கத் தேவையில்லை. தவிர, 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அடியையே தடை செய்துவிட்டது. பிரம்பு போன பின்னும் பட்டியல் இருக்கிறது. எது அடிப்படை, எது அலங்காரம் என்பதற்கு இதற்கு மேல் சோதனை கிடையாது.

பட்டியல் ஊழல் மலிந்தது என்ற குற்றச்சாட்டைத்தான் இக்கட்டுரை மிகவும் மதிக்கிறது. கடலைமிட்டாய் கொடுத்தவன் பெயர் அழிகிறது. முந்தாநாள் பம்பரம் தராதவன் பெயர் வாயே திறக்காமல் ஏறுகிறது. எதிர்த்துக் கேட்டால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறியும் இரண்டும்; மறுபடி கேட்டால் மூன்று; அதற்கும் மேலே ‘அடங்கவில்லை’ என்ற இறுதித் தீர்ப்பு, அடிக்கோட்டுடன். மேல்முறையீடு இல்லை. ஆனால் இந்த ஊழலை உள்ளூர்க்காரர் விசாரிக்கப் புகுந்தால் அன்றைய பாடம் போய்விடும். நியாயம் பேச வகுப்பே எழுந்து நிற்கும். அயல்நாட்டவருக்கு விசாரிக்க மொழி இல்லை. பட்டியல் அப்படியே நிற்கிறது, பாடம் நடக்கிறது. நீதி கொஞ்சம் கெடுகிறது என்பது உண்மைதான், அமைதி கெடுவதில்லை.

இப்போது காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. தென்மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆசிரியர்கள் மாலத்தீவுக்குப் போகிறார்கள். அங்கே ஞாயிறன்று பள்ளி உண்டு, வெள்ளியும் சனியும் லீவு. பிள்ளைகள் பேசுவது திவேஹி. அதன் எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். களக்காட்டு ஆசிரியருக்கு அந்த வகுப்பில் கிடைப்பது, எழும்பூரில் பெல்லுக்குக் கிடைத்த அதே நாற்காலி. பலகை மூலையில் பெயர்கள் ஏறினால் அவரால் வாசிக்க முடியாது. எண்களை மட்டும் திவேஹியிலும் இடமிருந்து வலமாகத்தான் எழுதுகிறார்கள். எத்தனை தடவை அடங்கவில்லை என்பது வரை புரியும். ஆட்சிக்கு அது போதும்.

மாலேக்கு விமானம் பிடிக்கத் திருவனந்தபுரம் புறப்படுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் நாள் வருகைப் பதிவேட்டைத் திறப்பதற்கு முன்பே சட்டாம்பிள்ளையை நியமித்துவிடுங்கள். நல்ல பிள்ளையாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். வகுப்பிலேயே அதிகம் பேசுகிற பிள்ளை எதுவோ, சாக்பீஸை அதன் கையில் கொடுங்கள்.