செல்ஃப் எடுக்காத ஹெரால்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பெரியப்பா விட்டுச்சென்ற பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு எங்கள் வீட்டில் நிற்கிறது. சாவியைத் திருகினால் ‘டொக்’ என்று ஒரு சப்தம், பிறகு மௌனம். புதுப் பாட்டரி போட்டாயிற்று. செல்ஃப் மோட்டாரையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா, ஐயா? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: தாராளமாக மாற்றலாம், ஆயினும், மாற்றிய பிறகும் அதே ‘டொக்’கைக் கேட்டுத் திகைப்பதைவிட, ஒரு மாலைப்பொழுதைப் பரிசோதனைக்கென ஒதுக்குவது சிலாக்கியம் என்பது என் அபிப்பிராயம். இருட்டிய பின் முன்விளக்குகளைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருகுங்கள். விளக்குகள் அடியோடு மங்கிவிட்டால், பாட்டரி சோர்ந்திருக்கலாம், பாட்டரி முனைகளில் பிடிப்புத் தளர்ந்திருக்கலாம், அல்லது மோட்டாரின் பல்சக்கரம் பிளைவீலில் சிக்கிக்கொண்டிருக்கலாம். விளக்குகள் மங்காமல் எரிகின்றனவென்றால், போதிய மின்சாரம் மோட்டாரின் வழியாக ஓடவேயில்லை என்று கொள்க. இந்த இடத்தில்தான் மெக்கானிக்குகள் தேய்ந்த கார்பன் பிரஷ்ஷையும் சொலனாய்டையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அவை குற்றவாளிகளாகவும் இருக்கக்கூடும். ஆனால் அச்சு அசலாக இதே லட்சணங்களைக் காட்டும் மூன்றாவது ஆசாமி ஒருவன் உண்டு. அவனை யாரும் விசாரிப்பதில்லை.

என்ஜின் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால், மோட்டாருக்குள் போன மின்சாரம் வண்டியின் உடலுக்குத் திரும்பி வருவதற்கென்றே ஒரு செம்புப் பட்டையைப் போட்டு வைத்திருக்கிறார்கள். எர்த்து பட்டை என்பது அதுதான். முத்துச் சலாபம் நடந்த காலத்தில், மூழ்குகிறவனையே கரை முழுவதும் வேடிக்கை பார்க்க, மேலே தோணியில் கயிறு பிடித்திருந்தவனை ஒருவரும் கவனிக்கவில்லை அல்லவா? தங்கையின் தாலிக்காகவாவது கவனமாக இருப்பான் என்று மச்சானையே கயிறு பிடிக்க வைத்தார்கள் என்பது நம் கரையில் வழங்கும் பேச்சு. உங்கள் வண்டியில் அந்த மச்சான் தூங்கிவிட்டான் என்றே சந்தேகிக்கிறேன்.

காரணம் தூரத்தில் இல்லை; உங்கள் ஊர்க் காற்றிலேயே இருக்கிறது. உப்பளங்களைத் தடவிவரும் காற்றிலுள்ள உப்பு, ஈரத்தை இழுத்துக்கொண்டு, செம்பும் ஈயமும் இரும்பும் ஒன்றையொன்று தொடும் மூட்டுகளிலெல்லாம் புகுந்து, பச்சைக் களிம்பாகவும் துருவாகவும் குடியேறுகிறது. கடிகாரத்துக்கும் சிறு விளக்குக்கும் அந்தக் களிம்பு ஒரு தடையே அன்று. ஆனால் செல்ஃப் மோட்டாரோ நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும் அசகாய சூரன். 200 ஆம்பியர் ஓடவேண்டிய பாதையில் 0.02 ஓம் தடை மட்டுமே இருந்தாலும், 12 வோல்ட்டில் 4 வோல்ட் அங்கேயே பஸ்மமாகிவிடும்.

நிரூபணம் எளிது. கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த்து முனையிலும், மறுமுனையை என்ஜின் மேல் சுத்தமான இரும்பிலும் மாட்டிச் சாவியைத் திருகுங்கள். அக்கால இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் நேர்முனையே எர்த்தாக இருந்தது என்பதை மறந்து, பழக்கதோஷத்தால் எதிர்முனையைப் பிடித்துவிடாதீர்கள். என்ஜின் சுழன்றால் மோட்டார் நிரபராதி. பட்டையைக் கழற்றி இரு முனைகளையும் உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக முடுக்கி, மேலே வாஸ்லின் பூசுங்கள். பட்டை உள்ளே பச்சையாகப் பொடிந்திருந்தால் புதிது போடுங்கள். ஹெரால்டின் பானெட் முன்பக்கம் முழுவதுமாகச் சாய்ந்து திறப்பதால், சக்கரத்தின்மேலேயே உட்கார்ந்து இந்தக் கைங்கரியத்தைச் செய்யலாம். இன்றைய கார்களில் இந்தப் பாக்கியம் அரிது.

கேள்வி: என் பழைய காரில் ஸ்டார்ட் செய்யும்போது சோக் கம்பியிலிருந்து புகை வருகிறது. சோக்கை மாற்றினேன், புதிய கம்பியும் புகைகிறது. ஏதாவது சாபமா? (காயல்பட்டினம்)

பதில்: சாபமன்று, முந்தைய பதிலின் இரண்டாம் அத்தியாயம். எர்த்து பட்டை அறுந்துவிட்டால், மின்சாரம் ‘வழி இல்லை’ என்று எல்லா வண்டியிலும் சும்மா இருந்துவிடுவதில்லை. என்ஜினையும் உடலையும் இணைக்கும் வேறெந்த உலோகம் கிடைத்தாலும் அதன் வழியே திரும்ப முயல்கிறது. அகப்பட்டது, பாவம், உங்கள் சோக் கம்பி. இன்னொரு சோக் வாங்காதீர்கள், பட்டையை வாங்குங்கள். அதுவரை சாவியைத் தொடவேண்டாம், பெட்ரோல் பக்கத்திலேயே இருக்கிறது.

கேள்வி: என்னுடைய எம்.ஜி. மிட்ஜெட்டில் செல்ஃப் மோட்டார் ‘உய்ங்’ என்று ஓடுகிறது, என்ஜின் அசைவதேயில்லை. (கொழும்பு)

பதில்: மோட்டாருக்கு உற்சாகம் இருக்கிறது, துணைதான் வரவில்லை. அந்தப் பழைய லூகாஸ் மோட்டார்களில், தண்டு சட்டென்று சுழலும் வேகத்தில் பல்சக்கரம் திருகுமரையில் முன்னோடிப் பிளைவீலைப் பற்றவேண்டும். கிளச் தூசியும் துருவும் அந்த மரையில் அடைந்தால் சக்கரம் இருந்த இடத்திலேயே நின்று சுழலும். மோட்டாரைக் கழற்றி, மண்ணெண்ணெயில் அந்தப் பகுதியைக் கழுவி, உலர வையுங்கள். எண்ணெய் மட்டும் விடாதீர்கள். இரண்டு மாதத்தில் தூசியெல்லாம் அதில் ஒட்டிக் களியாகிவிடும். இதற்கு மாறாகச் சக்கரம் பிளைவீலில் சிக்கி நின்றுவிட்டால், சாவியை அணைத்து, மேல் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் பெரும்பாலும் விடுபடும்.

கேள்வி: ஹெரால்டை ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்று என் நண்பர் பீற்றிக்கொள்கிறார். நியாயமா? (திருநெல்வேலி)

பதில்: 948 சி.சி. என்ஜினை வைத்துக்கொண்டு அதிகம் பீற்ற முடியாதுதான். ஆனால் 1962-இல் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், ஹெரால்டின் சட்டத்தையே குறுக்கி அதன்மேல் எழுப்பப்பட்டது. இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. நம் சோழவரம் பழைய விமானத்தளப் பந்தயங்களிலும் ஹெரால்டுகள் ஓடின. பங்காளி உறவு என்ற அளவில் நண்பரைப் பேசவிடுங்கள்.

கேள்வி: இந்தச் செல்ஃப் மோட்டாரை யார் கண்டுபிடித்துத் தொலைத்தார்கள்? (வீரபாண்டியன்பட்டினம்)

பதில்: அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங், 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் அது வந்தது. அதற்குமுன் கைப்பிடியைச் சுழற்றி, அது எதிர்த்து உதைத்ததில் மணிக்கட்டு முறிந்தவர்கள் உங்கள் வசவை ஆமோதிக்கமாட்டார்கள்.

கேள்வி: தினமும் ஐந்து நிமிஷம் என்ஜினை ஓடவிட்டு நிறுத்திவிட்டால் பாட்டரி நன்றாக இருக்குமல்லவா? (தூத்துக்குடி)

பதில்: இராது. அக்காலத்து டைனமோ, என்ஜின் மெதுவாக ஓடுகையில் ஏறக்குறைய எதையும் உற்பத்தி செய்வதில்லை. ஸ்டார்ட் செய்ய எடுத்ததைத் திருப்பிச் செலுத்தாத கடனாளியாகவே பாட்டரி நாளுக்கு நாள் இளைக்கும். வாரத்துக்கு ஒருமுறை திருச்செந்தூர் வரை போய் வாருங்கள்; கந்தன் தரிசனம் உங்களுக்கு, சார்ஜ் பாட்டரிக்கு. வீடு திரும்பியதும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் அலம்பிவிடுங்கள், அந்தச் சாலை நெடுகிலும் உப்புக்காற்றுதான்.