பூச்சிப் பண்ணையார்

ஓணான் வளர்ப்பவர் என்று இவரை அறிமுகப்படுத்தினால் பாதிதான் சரி. ஓணான் ஒன்றே ஒன்று; அது கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கடியில் கண்மூடிக் கிடக்கிறது. மிச்ச வீடு முழுக்க ஓடிக்கொண்டிருப்பது அதன் சாப்பாடு.

ஓணான் ஆஸ்திரேலிய வகை. பெயர் பியர்டட் டிராகன். கழுத்தடியில் முள்முள்ளாகத் தாடி. கோபம் வந்தால் அது கறுக்கும். நம்மூர் வேலி ஓணானும் இதுவும் ஒரே குடும்பம்தான். "சின்ன வயசுல இதைத்தானேடா கல்லால அடிச்சுக்கிட்டுத் திரிஞ்சே, இப்பக் காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கே" என்றார் அம்மா.

குட்டியாக இருக்கும்போது அது ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை பூச்சி தின்னும். உயிரோடு வேண்டும், துள்ள வேண்டும். டப்பா டப்பாவாகக் கடையில் வாங்கினால் யாருக்குக் கட்டுப்படியாகும்? பண்ணையார் பிறப்பது இந்த இடத்தில்தான்.

முதலில் சுவர்க்கோழி வளர்த்தார். ஆண் பூச்சி ராத்திரி முழுக்க இறக்கையை உரசிப் பாடும், பெண்ணை வரவழைக்க. வந்தது குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

அடுத்து டூபியா கரப்பான், தென் அமெரிக்க வரவு. கல்யாணத் தரகர் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல அதன் குணநலன்களை அடுக்குவார்: வழவழப்பான பிளாஸ்டிக்கில் ஏறாது, சத்தம் போடாது, பறக்கிற பழக்கம் கிடையாது. 30 டிகிரி சூடு இருந்தால் நன்றாகப் பெருகும். குளிர் நாட்டுக்காரர்கள் இதற்காகக் கரண்ட் செலவழித்து ஹீட்டர் போடுகிறார்கள். சென்னை மே மாதத்தை மனதார வாழ்த்தும் ஒரே ஆள் இவர்தான். ஒரு நாள் தப்பி ஓடிய ஒன்றை அம்மா துடைப்பத்தால் ஒரே போடு போட்டுவிட்டார். "அம்மா, அது ரெண்டு மாசம் வயித்துல சுமந்து குட்டி போடுற ரகம்மா!" என்று பதறினார். "துடைப்பத்துக்கு ரகம் தெரியாதுடா."

முட்டைக் கடையில் முட்டை வாங்காமல் காலி அட்டை மட்டும் கேட்பவர் இவர்; கரப்பானுக்கு அதுதான் அடுக்குமாடி. மாட்டுத் தீவனக் கடையில் கோதுமைத் தவிடு கேட்டால் கடைக்காரர், "எத்தனை மாடு தம்பி?" என்பார். "மாடு இல்லைண்ணே, புழு." தவிட்டில் வளரும் அந்த மீல்வோர்ம் புழு வண்டாக மாறிவிடாமல் இருக்கக் குளிர்ச்சி வேண்டும். எனவே ஃப்ரிட்ஜில், இட்லி மாவுக்குப் பக்கத்தில், அதற்கும் ஒரு டப்பா.

பூச்சிகளுக்குக் கேரட், கீரை எல்லாம் உண்டு. அவை தின்பதுதான் ஓணானுக்குப் போய்ச் சேரும் என்பது கணக்கு. பூச்சியில் கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். அப்படியே கொடுத்தால் ஓணானின் எலும்பு வளைந்துவிடும். அதனால் கால்சியம் பொடியில் புரட்டித்தான் பரிமாறுவார். அப்பாவின் முட்டிவலி பற்றி இவ்வளவு விவரமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

வேடிக்கை இனிமேல்தான். டூபியா குட்டி வளர்ந்து தானும் குட்டி போட ஐந்தாறு மாதம் ஆகும். கைவைக்காமல் காத்திருந்து, பண்ணை பெருகிப் பெட்டிக்குப் பெட்டி நிரம்பி வழியும் நேரத்தில் டிராகனும் வளர்ந்து ஆளாகிவிடுகிறது. வளர்ந்த பியர்டட் டிராகனுக்குப் பூச்சி கொஞ்சம் போதும், பெரும்பங்கு இலைதழைதான். ஆக, கரப்பான் தின்னும் அதே கீரையை இப்போது ஓணானும் தின்கிறது. கரப்பானைத் தின்னத்தான் ஆளில்லை.

வேறொருவராக இருந்தால் பண்ணையை மூடியிருப்பார். இவர் இன்னொரு ஓணான் குட்டிக்குச் சொல்லிவைத்திருக்கிறார். "இவ்வளவும் வீணாப் போகுமே?" என்பது அவர் நியாயம். ஓணானுக்காகப் பூச்சி என்பது போய், பூச்சிக்காக ஓணான் என்றாகிவிட்டது.

அவர் வீட்டுக்குப் போனால் காபி குடியுங்கள், தப்பில்லை. ஃப்ரிட்ஜை மட்டும் திறக்காதீர்கள். மூடியில் ஓட்டை போட்ட டப்பாவை நீட்டி, "நாலே நாலு ஜோடிதான் சார், சும்மா வெச்சுக்கோங்க" என்று சிரித்தால், அவசர வேலை என்று சொல்லிக் கிளம்பிவிடுங்கள்.