ஸ்டீரிங் ஆடுகிறதா, ஓட்டுபவர் ஆடுகிறாரா?

நெய்வேலி வட்டார லோடு வண்டிக்காரர்களின் கேள்விகளும் நமது பதில்களும்

கேள்வி: பிக்கப் வண்டி அறுபதைத் தாண்டினால் ஸ்டீரிங் உதறுகிறது. “பெரிய டேம்பர் ஒன்று போட்டால் நின்றுவிடும்” என்கிறார் மெக்கானிக். போடலாமா? — மந்தாரக்குப்பம்

பதில்: போடுங்கள், உதறல் நிற்கும். உதறலுக்கான காரணம் நிற்காது. முன்பக்கம் நேர் ஆக்சிலும் கமான் பட்டையும் உள்ள வண்டிகளுக்கு இது பழைய வியாதி. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் இரண்டு சக்கரமும் சேர்ந்து இடமும் வலமுமாகத் துள்ளும். தேய்ந்த கிங் பின் புஷ், ஆடிப்போன டை ராட் எண்ட், தளர்ந்த யூ போல்ட், பேலன்ஸ் இல்லாத சக்கரம் என்று குற்றவாளிகள் ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான். சாட்சியை மிரட்டி அனுப்பிவிட்டு வழக்கு முடிந்தது என்று சொல்வது போலத்தான் டேம்பர் வைத்தியம். முதலில் ஆட்டத்தைக் கண்டுபிடித்து மாற்றுங்கள். பிறகும் ஆசை இருந்தால் டேம்பர்.

கேள்வி: கிங் பின் போயிற்றா, வீல் பேரிங் போயிற்றா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? — 21-வது வட்டம்

பதில்: ஒரு ஜாக்கியும் ஒரு மைத்துனரும் போதும். பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகாதீர்கள். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், மைத்துனரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாவிட்டால் கிங் பின். பால் ஜாயின்ட் உள்ள வண்டியானால் அது. பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்டைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது இன்னும் நல்ல சோதனை. சக்கரத்தைத் தரையில் இறக்கிவிட்டு, மைத்துனர் ஸ்டீரிங்கை இரண்டு விரற்கடை இடமும் வலமும் அசைக்கட்டும். நீங்கள் பக்கத்தில் குனிந்து ஒவ்வொரு இணைப்பின் மீதும் கை வைத்துப் பாருங்கள். ஒரு ராடு அசைந்த பிறகும் அடுத்தது எங்கே யோசித்துக்கொண்டு நிற்கிறதோ, அங்கேதான் உங்கள் பணம் போகப்போகிறது. இதற்குள் மைத்துனர் “வண்டியை வித்துடுங்க மாமா” என்பார். அது இலவச ஆலோசனை, வாங்கிக்கொண்டு மறந்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்டீரிங் பாக்ஸில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. அதைத் திருகினால் பிளே போய்விடுகிறதே, எதற்கு இத்தனை செலவு? — வடலூர்

பதில்: வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது. அதனால் பாக்ஸின் பல்லும் நடுப்பகுதியில்தான் அதிகம் தேய்கிறது. நடுவில் உள்ள பிளே போகும் அளவுக்கு இறுக்கினால், தேயாத ஓரங்களில் பல் பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டீரிங் தானாகத் திரும்பி வராது. வெளியே உள்ள எல்லா இணைப்பும் சரியென்று உறுதியான பிறகு, கம்பெனி சொன்ன அளவுக்குத் தொட வேண்டிய ஸ்க்ரூ அது.

கேள்வி: பலாப்பழம் ஏற்றப் பின்னால் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டேன். காலியாக வரும்போது வண்டி ரோட்டில் அலைகிறது. பின்னால் போட்டதற்கு முன்னால் ஏன் கோளாறு? — பண்ருட்டி

பதில்: பின்பக்கம் உயர்ந்தால் வண்டி மூக்கைத் தாழ்த்தி நிற்கும். அப்போது கிங் பின்னின் பின்சாய்வு குறைகிறது. சைக்கிளில் கையை விட்டாலும் நேராகப் போகிறதே, அதற்குத் துணை நிற்கும் அந்தச் சாய்வுக்குப் பெயர் கேஸ்டர். அது குறைந்தால் ஸ்டீரிங்குக்கு நேராக நிற்கும் ஆர்வம் போய்விடும். பாரம் ஏற்றினால் மட்டும் நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. பின்கடைசியில் அதிகம் குவித்தால் முன்சக்கரத்தின் எடை குறைந்து ஸ்டீரிங் மிதக்கும்.

பட்டையின் கணக்கு ஒன்று சொல்கிறேன்: அதன் விறைப்பு தடிமனின் கனமடங்காக ஏறும். பத்து சதவீதம் தடித்த பட்டை சுமார் 33 சதவீதம் விறைப்பானது. ஆனால் பிரேக்கும் டயரும் பேரிங்கும் பழையவைதான். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடையும் பட்டையோடு சேர்ந்து ஏறாது.

கேள்வி: சுரங்கத்தில் நிற்கும் 1400 லிட்டர் பக்கெட் வீல் எந்திரத்துக்கு யார் அலைன்மென்ட் பார்க்கிறார்கள்? — 4-வது வட்டத்துப் பள்ளி மாணவர்

பதில்: அதற்கு டயரே கிடையாது தம்பி, சங்கிலிப் பட்டையில் ஊர்கிறது. அந்த வேகத்தில் போகிறவருக்குக் கேஸ்டர் பற்றிய கவலை இல்லை. உங்கள் அப்பாவும் அதே வேகத்தில் ஓட்டச் சம்மதித்தால் நம் பத்தியை மூடிவிடலாம்.

கேள்வி: அப்படியானால் அப்கிரேடே கூடாது என்கிறீர்களா? தடித்த டை ராட் வாங்கி வைத்திருக்கிறேன். — இந்திரா நகர்

பதில்: கூடாது என்று சொல்லவில்லை. எதுவரை என்று கேளுங்கள். குழியில் விழும் அடி எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். ராடு வளைந்தால் செலவு ராடோடு முடிகிறது. வளையாத ராடு போட்டால் அந்த அடி ஸ்டீரிங் பாக்ஸுக்கோ ஸ்டப் ஆக்சிலுக்கோ போகும். அவற்றின் விலையைக் கடையில் கேட்டுப் பாருங்கள். ரப்பர் புஷ்ஷை எடுத்துவிட்டுப் பாலியூரிதேன் போடுவதும் இதே கதை. ஸ்டீரிங் கூர்மையாகும், அதிர்வு சேசிஸுக்குப் போகும். நான் பணம் போடச் சொல்வது மூன்று இடங்களில்: தரமான ஷாக் அப்சார்பர், கிரீஸ் நிப்பிள் உள்ள டை ராட் எண்ட், நல்ல டயர்.

கிழிந்த ரப்பர் பூட்டை அன்றைக்கே மாற்றுங்கள். ஐப்பசி மழையில் சுரங்கப் பக்கத்துச் சேறு உள்ளே போனால் புது பால் ஜாயின்ட்டும் சீக்கிரம் கிழடாகிவிடும். கிங் பின்னுக்கு கிரீஸ் அடிக்கும்போது ஆக்சிலைத் தூக்கி வைத்து அடியுங்கள். பாரம் அழுத்திக்கொண்டிருக்கும் பக்கத்துக்கு கிரீஸ் போகாது.

கேள்வி: வண்டியை நாலு இஞ்சு உயர்த்தி, அகல டயர் போட்டால் போலீஸ் பிடிப்பார்களா? — குறிஞ்சிப்பாடி

பதில்: பிடித்தால் வாதாட இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்து வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தேய்ந்த பாகத்தை அதே அளவுப் புதுப் பாகத்தால் மாற்றுவது இதில் வராது.

கேள்வி: அலைன்மென்ட் கடையில் கேம்பர், கேஸ்டர், டோ மூன்றையும் சரிசெய்ததாக பில் கொடுத்தார்கள். என் வண்டி நேர் ஆக்சில். நம்பலாமா? — விருத்தாசலம்

பதில்: நேர் ஆக்சிலில் ஸ்பேனரால் திருகக் கூடியது டோ ஒன்றுதான். கேஸ்டருக்குப் பட்டைக்கடியில் ஆப்பு வைக்க வேண்டும். கேம்பர் ஆக்சிலின் வடிவத்திலேயே இருக்கிறது. மற்ற இரண்டையும் எங்கே திருகினார்கள் என்று காட்டச் சொல்லுங்கள். பில் சிறியதாகும். கடையை விட்டுக் கிளம்புமுன் இன்னொன்று: டை ராட் நட்டுகளில் ஸ்பிளிட் பின் இருக்கிறதா, பழையதை நிமிர்த்தி மறுபடி செருகியிருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். பழையது என்றால் புதிது போடச் சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள்.