முறிந்த அச்சும் பேரீச்சம்பழமும்: தகடூர் நாட்டு இழப்பீட்டு மரபு குறித்து ஓர் ஆய்வு

மோட்டார் உதிரிபாகம் குறித்துத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய ஆவணம் புறநானூற்றின் 102ஆம் பாட்டு. அதில் மோட்டார் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பாரம் உண்டு, மேடு பள்ளம் உண்டு, அனுபவம் போதாத இளங்காளைகள் உண்டு, வழியில் என்ன ஆகுமோ என்ற கவலையும் உண்டு. லாரித் தொழிலுக்கு இவற்றைவிட வேறென்ன வேண்டும்? தகடூரை ஆண்ட அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் இதில் பாடுகிறார். உப்பு வணிகர்களான உமணர் வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிவைத்திருப்பார்கள்; அந்தச் சேம அச்சைப் போன்றவன் இவன் என்பது புகழ்ச்சி. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. ஆகவே ஸ்டெப்னி என்னும் ஏற்பாட்டுக்கு உரிமை கொண்டாட இந்த மாவட்டத்துக்குப் பாட்டு ஆதாரமே இருக்கிறது. உரையாசிரியர்கள் எல்லாரும் இளவரசனின் பெருமையோடு நின்றுவிட்டார்கள். சேம அச்சை மாட்டிய பிறகு முறிந்த பழைய அச்சு எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. இக்கட்டுரை அதைத்தான் கேட்கிறது.

பாட்டு இதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் தடயம் வேறிடத்தில் கிடைக்கிறது. உமணர் கூட்டம் வழியில் சமைத்துவிட்டு, அப்படியே விட்டுச் சென்ற கல்லடுப்புகளை அகநானூறு காட்டுகிறது. நன்றாகக் காய்ந்து முற்றிய மரம், இரண்டாக முறிந்தது, கையெட்டும் தூரத்தில்; பக்கத்தில் அடுப்பு, பசித்த கூட்டம். இதற்குமேல் ஊகிக்க ஆய்வாளன் தேவையில்லை. அச்சு எரிந்தது, சோறு வெந்தது, அச்சைச் செய்த தச்சன் தப்பித்தான். சங்க இலக்கியத்தில் காதல் உண்டு, போர் உண்டு, பசி உண்டு. முறிந்த அச்சுக்கு இழப்பீடு கேட்ட உமணன் ஒருவன்கூட இல்லை என்பதற்கு இதுவே காரணம் என்பது இவ்வாய்வின் கருதுகோள். இழப்பீட்டு வழக்கில் பேசக்கூடிய சாட்சி பழுதான பாகம் ஒன்றுதான். நம்மவர்கள் அந்தச் சாட்சியை முதலில் அனுப்பிவைத்துவிட்டு, அப்புறம்தான் நியாயம் கேட்கக் கிளம்புகிறார்கள்.

தச்சன்மேல் வீண்பழி என்று ஓர் ஆட்சேபம் எழலாம். அதே ஔவையார் அதே தகடூர் வேந்தனைப் பற்றிப் பாடிய 87ஆம் பாட்டை எடுத்துக் காட்டுவார்கள். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்துக்கு அதியமான் நெடுமான் அஞ்சியை அதில் ஒப்பிடுகிறார். கணக்குப் போட்டால் 240 தேருக்கான உழைப்பு ஒரு சக்கரத்தில் இறங்கியிருக்கிறது. தரக் கட்டுப்பாட்டுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்பார்கள். சக்கரத்தின் தரத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் நாளொன்றுக்கு எட்டு என்ற வேகத்தில் பட்டறையிலிருந்து வெளியேறிய மற்றத் தேர்களின் கதி என்ன? அவற்றை வாங்கியவர்கள் யாரும் அரசர்கள் அல்லர். ஔவையார் அவர்களைப் பாடவும் இல்லை. விளம்பரத்தில் காட்டும் வண்டிக்கும் நம் கைக்கு வரும் வண்டிக்கும் இடையிலுள்ள தூரத்தை முதன்முதலில் பதிவு செய்தது இந்தப் பாட்டுதான் என்று கொள்ள இடமிருக்கிறது.

பிற நாடுகளின் நிலை வேறு. பாபிலோன் மன்னன் ஹம்முராபியின் சட்டத்தில், படகு கட்டுபவன் கட்டிய படகு அதே ஆண்டுக்குள் பழுதுபட்டால் அவனே தன் செலவில் பிரித்து உறுதியாகத் திருப்பிக் கட்டித்தர வேண்டும் என்று இருக்கிறது. ஏறக்குறைய 3,750 ஆண்டுகளுக்கு முன்பே ஓராண்டு வாரண்டி! கிலோமீட்டர் வரம்பு இல்லை, நட்சத்திரக் குறியிட்ட பொடி எழுத்து நிபந்தனையும் இல்லை. அதைவிட நமக்கு நெருக்கமானது 1916இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் மெக்பெர்சன் என்பவர் பியூக் கம்பெனிமேல் போட்ட வழக்கில் சொன்ன தீர்ப்பு. ஓடிக்கொண்டிருந்த காரின் மரச் சக்கரம் நொறுங்கி, அவர் தூக்கியெறியப்பட்டுக் காயமடைந்தார். சக்கரம் வேறொருவரிடம் வாங்கியது, காரை விற்றது டீலர், எனவே உனக்கும் எனக்கும் ஒப்பந்தமே இல்லை என்றது கம்பெனி. நீதிபதி கார்டோசோ அதை ஏற்கவில்லை. உரியபடி சோதித்திருந்தால் குறை தெரிந்திருக்கும் என்றார். பழுதான பாகத்துக்காகத் தயாரிப்பாளரை நேரே பிடிக்கலாம் என்ற நவீன சட்டத்துக்கு அந்தத் தீர்ப்பே பெரிய திருப்பம். சட்ட மாணவர்கள் கவனிக்காத செய்தி ஒன்று அதில் இருக்கிறது. மரம் மட்டமானது என்று சாட்சி சொல்ல முடிந்திருக்கிறது என்றால், ஆரக்கால் துண்டுகளை யாரும் அடுப்பில் வைக்கவில்லை என்று பொருள்.

இனி நம் மாவட்டத்துக்குத் திரும்புவோம். பாலக்கோட்டில் தக்காளி ஏற்றும் குட்டியானை ஒன்றுக்கு இன்ஜின் வேலை பார்த்ததாகக் கொள்வோம். போர் செய்து, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டு, கிராங்க்கை லேத்துக்கு அனுப்பிக் கிரைண்டிங் செய்து, பூட்டிக் கொடுத்தாயிற்று. சில வாரத்தில் பேரிங் பிடித்து இன்ஜின் ஜாம். இப்போது பட்டறையில் நடக்கும் உரையாடலுக்கு எழுதாத இலக்கணம் ஒன்று உண்டு. “ஆயில் பார்த்தீங்களாண்ணா?” என்பது முதல் வினா. “வெளியில யாராவது கை வெச்சாங்களா?” என்பது இரண்டாவது. “ஓவர் லோடு அடிச்சிருப்பீங்க” என்பது வினா அன்று, தீர்ப்பு. பழுதானது பிரேக்காக இருந்து, இடம் தொப்பூர் கணவாயாகவும் இருந்துவிட்டால் நான்காவதாக ஒன்று வரும்: “நியூட்ரல்ல இறக்கியிருப்பீங்க.” டீசல் மிச்சம் பிடிக்க லாரிகளை நியூட்ரலில் இறக்குவது அந்த இறக்கத்து விபத்துகளுக்கு ஒரு காரணம் என்று போலீசார் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள், அது மெய்யும்கூட. ஆனால் பல இடங்களில் மெய்யானது இந்த வண்டியிலும் மெய்தானா என்று சொல்லக்கூடியது கழற்றிப் போட்ட பேரிங்கும் பிரேக் லைனிங்கும் மட்டுமே. எண்ணெய் வற்றித் தேய்ந்த பேரிங் ஒரு மாதிரி இருக்கும், அளவு தப்பாகக் கடைந்த கிராங்க்கில் உட்கார்ந்த பேரிங் வேறு மாதிரி இருக்கும். தெரிந்தவர் கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடாது. அவை எங்கே என்று கேட்டால், பட்டறை மூலையிலிருந்து பழைய சாமான் கடைக்குப் போய்விட்டிருக்கும். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தந்த தெரு வியாபாரி ஒருவேளை தெரியாமலே எத்தனையோ வழக்குகளின் ஆவணக் காப்பாளராக இருந்திருக்கிறார். உமணர் சாட்சியை எரித்துச் சோறு தின்றார்கள். நாம் பழம் தின்றோம். உணவு மாறியது, முறை மாறவில்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியவர்கள் இக்கருதுகோளை அறிந்தவர்கள் போலவே எழுதியிருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி, சோதனை செய்யாமல் குறையைச் சொல்ல முடியாத பொருள் என்றால் மாவட்ட ஆணையம் அதன் மாதிரியை எடுத்து, சீல் வைத்து, உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்; அறிக்கைக்குப் பொதுவாக 45 நாள் கெடு. எதற்குச் சீல் வைப்பது? வாய்ப்பேச்சுக்கு வைக்க முடியாது. துண்டுச்சீட்டில் எழுதிய மொத்தத் தொகைக்கும் வைக்க முடியாது. பாகம் கிடைத்தால் மட்டும் முழு வண்டியும் திரும்ப வந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிளட்ச் கோளாறு பற்றிய மாருதி வழக்கில், வாரண்டி குறைபட்ட பாகத்தை மாற்றித் தருவதற்குத்தான், காரையே மாற்றித் தருவதற்கு அன்று என 2006இல் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது. பேரிங்குக்கு வண்டி கேட்கும் வாசகர் ஏமாறுவார்.

எதிர்வாதங்களில் கனமானது வணிக நோக்கம் பற்றியது. வாடகைக்கு ஓடும் லாரி வியாபாரத்துக்கானது, அதன் சொந்தக்காரர் நுகர்வோரே அல்லர் என்பார்கள். இதற்கு விடை கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் விற்ற ஓர் இயந்திரம் பற்றிய வழக்கில் 1995இலேயே வந்துவிட்டது. இயந்திரம் வாங்கிய நிறுவனம் தோற்றது. ஆனால் அத்தீர்ப்பிலேயே, பிழைப்புக்காகத் தானே ஓட்டுவதற்கு ஆட்டோவோ லாரியோ வாங்குபவர் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் விளக்கிச் சொன்னது. தக்காளி ஏற்றும் வண்டியைத் தானே ஓட்டுபவர் உள்ளே. டிரைவர்களை வைத்துப் பத்து லாரி ஓட்டுபவருக்குக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும். நியாயமா என்றால், பத்து லாரிக்காரர் வக்கீல் வைத்து சிவில் கோர்ட்டுக்குப் போகக்கூடியவர் என்று சமாதானம் சொல்லலாம்.

நமக்கு இன்ஜின் சாஸ்திரம் தெரியாதே என்ற தயக்கம் அடுத்தது. விபத்தில் ஏர்பேக் விரியாத ஹூண்டாய் கிரெட்டா பற்றிய வழக்கில், மோதிய வேகமும் விசையும் போதவில்லை என்ற வாதத்துக்கு, வேகத்தையும் விசையையும் கணக்குப் போட நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. இழப்பீடும் நிலைத்தது. பத்தாம் வகுப்பு அறிவியலில் தவறியவர்களுக்கு இந்நாட்டில் கிடைத்த மிகப் பெரிய ஆறுதல் இதுவாகத்தான் இருக்கும்.

சட்டத்தில் இல்லாத எதிர்வாதங்கள்தான் வலுவானவை. உடைந்த சாமான் வீட்டில் இருந்தால் தரித்திரம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் மாட்டுத்தொறு மீட்டுச் செத்தவனுக்குக்கூடக் கல்லில் பெயரும் நிகழ்ச்சியும் வெட்டிவைத்த ஊர்கள் இவை. தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களைப் பார்த்தவர்கள் இந்த மாவட்டத்துக்கு ஆவணம் சேர்க்கத் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். தரித்திரத்துக்கு அஞ்சுபவர் மூட்டையை மாட்டுக்கொட்டகையில் வைக்கலாம். “நம்ம பையன்தான், அடுத்த வேலையில கழிச்சுக்கலாம்” என்ற உறவுவாதத்தை மட்டும் முறியடிக்க ஆய்வாளனால் ஆகாது. ஒரே ஊர், ஒரே திருவிழா, நாளைக்கும் வண்டி அதே பட்டறைக்குத்தான் போக வேண்டும். பேசித் தீர்ப்பதே அங்கே உத்தமம். அந்தப் பேச்சிலும் பழைய பேரிங்கை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசினால் குரல் சற்றுத் தாழ்ந்தே ஒலிக்கும் என்பது மட்டும் நம் துணிபு.

பேச்சு பலிக்காவிட்டால், குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். பட்டறை ஓசூரிலோ சேலத்திலோ இருந்தாலும் தாங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. தக்காளி அழுகிப்போகும், அதைப் படம் எடுத்து வைத்தால் போதும். இரும்பு அழுகாது. ஆகவே அடுத்த முறை இன்ஜினைப் பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், பில்லைக் கேளுங்கள், கழற்றியதை ஒரு கோணிப்பையில் போட்டு, தேதி எழுதி, கையோடு வீட்டுக்கு எடுத்துவாருங்கள்.